டாங்கிள் போனால் லைசென்ஸும் போகும்: இழக்காமல் காப்பது எப்படி

சாஃப்ட்வேரோடு, செருகினால்தான் அது ஓடும் சாவியாகச் சுண்டுவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி டாங்கிள் வந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் அதுதான். இன்ஸ்டால் செய்யும் ஃபைலை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டாங்கிள் ஒன்றே ஒன்று. அது கையிலிருக்கும் ரொக்கம் மாதிரி. யாரிடம் இருக்கிறதோ லைசென்ஸ் அவரிடம்.

"இன்வாய்ஸ் எங்கள் பெயரில்தானே இருக்கிறது" என்று வாதாடுவதால் பெரும்பாலும் பயனில்லை. தொலைந்த டாங்கிளுக்கு மாற்று கிடையாது, முழு விலை கொடுத்துப் புதிய லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதுதான் பல நிறுவனங்களின் ஒப்பந்த விதி. கறாராகத் தெரிந்தாலும் அதற்குக் காரணம் இருக்கிறது. இணையத் தொடர்பு இல்லாமல் இயங்கும் டாங்கிளை விற்றவரால் தூரத்திலிருந்து முடக்க முடியாது. நீங்கள் தொலைத்ததாகச் சொல்லும் டாங்கிள் வேறொரு மேசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். உடைந்த டாங்கிள் என்றால் நிலைமை வேறு: உடைந்த துண்டைத் திருப்பிக் கொடுத்தால், சிறு கட்டணத்தில் புதியது எழுதித் தருவார்கள். ஆகவே செத்துப்போன டாங்கிளையும் குப்பையில் போடாதீர்கள். ஓடாத டாங்கிளுக்கும் ஒரு லைசென்ஸின் விலை உண்டு.

உங்கள் டாங்கிள் எந்த வகை

உள்ளே இருப்பது பாதுகாப்புச் சிப். சாஃப்ட்வேர் அதனிடம் ஒரு தரவைக் கொடுத்து, சிப்புக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் மாற்றித் தரச் சொல்கிறது. விடை சரியாக வந்தால்தான் தொடர்ந்து ஓடும். அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வராது. அதனால்தான் டாங்கிளை பேக்கப் எடுக்க முடியாது. கோட்மீட்டர் என்ற வகை டாங்கிள் சில கணினிகளில் ஒரு டிரைவ் எழுத்தோடு பென் டிரைவ் போலத் தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை காப்பி செய்து வைத்தால் லைசென்ஸ் காப்பி ஆகிவிடாது.

மேலே அச்சிட்டிருக்கும் பெயர் பல நேரம் சாஃப்ட்வேர் விற்றவருடையது. டாங்கிளைத் தயாரித்தவர் வேறு. யாரென்று அறிய டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் தாவலில் ஹார்ட்வேர் ஐடிகளைப் பாருங்கள். அதில் விஐடி என்பது தயாரிப்பாளரைக் குறிக்கும் எண். விஐடி 0529 என்றால் ஹாஸ்ப் அல்லது சென்டினல் ஹெச்எல் குடும்பம். 064எஃப் என்றால் விபு-சிஸ்டம்ஸின் கோட்மீட்டர் அல்லது விபுகீ. 04பி9 என்றால் பழைய ரெயின்போ நிறுவனத்தின் வழி வந்த சென்டினல் சூப்பர்ப்ரோ, அல்ட்ராப்ரோ. இசை சாஃப்ட்வேர்களில் பேஸ் நிறுவனத்தின் ஐலாக் அதிகம்.

பழைய டாங்கிள்களில் பெயர் குழப்பும். ஹாஸ்ப் தயாரித்த அலாடின் 2009இல் சேஃப்நெட் பக்கம் போனது. சேஃப்நெட்டை 2015இல் ஜெமால்டோ வாங்கியது. ஜெமால்டோவை 2019இல் தாலஸ் வாங்கியது. நான்கு பெயர்களில் எது அச்சிட்டிருந்தாலும் ரன்டைம் டிரைவரை, அதாவது டாங்கிளோடு கணினி பேச உதவும் சாஃப்ட்வேரைத் தேட வேண்டிய இடம் இன்று தாலஸ் தளம். "டாங்கிள் டிரைவர்" என்று தேடி, கண்ட தளங்களிலிருந்து இறக்காதீர்கள். அவை பெரும்பாலும் வேறெதையோ சேர்த்து இறக்கும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது

டாங்கிளின் இருபுறமும் சீரியல் எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். அச்சு ஓரிரு ஆண்டில் விரல் பட்டே தேய்ந்துவிடும். அச்சிட்ட எண்ணும் சாஃப்ட்வேர் காட்டும் கீ ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எனவே இரண்டையும் குறியுங்கள். சென்டினல் வகைக்கு பிரவுசரில் 127.0.0.1:1947 என்று தட்டினால் அட்மின் கண்ட்ரோல் சென்டர் திறக்கும். சென்டினல் கீஸ் பக்கத்தில் கீ ஐடியும், ஃபீச்சர்ஸ் பக்கத்தில் எந்தெந்த மாட்யூல் எந்தத் தேதிவரை என்பதும் இருக்கும். கோட்மீட்டருக்கு, கண்ட்ரோல் சென்டரிலிருந்து வெப்அட்மினைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்வாய்ஸோடும் போட்டோவோடும் ஒரே இடத்தில் வையுங்கள். டாங்கிள் செத்த பிறகு அதில் எந்தெந்த மாட்யூல் இருந்தது என்று நிரூபிக்க இதைத் தவிர வேறு வழி இருக்காது.

அடுத்தது பதிவு. டாங்கிளை உங்கள் பெயரில் விற்றவரிடம் பதிவு செய்யுங்கள். டீலர் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால் உங்கள் அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு ஊழியரின் சொந்த முகவரியில் இருந்தால் அவர் போகும்போது கணக்கும் போய்விடும். செகண்ட்ஹேண்டாக டாங்கிள் வாங்குவோர், காசு கொடுக்கும் முன் சாஃப்ட்வேர் நிறுவனத்திடமிருந்தே பெயர் மாற்றத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். டாங்கிள் ஓடுகிறது என்பது மட்டும் போதாது.

மூன்று கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்: தொலைந்தால் என்ன, உடைந்தால் என்ன, மாற்று வரும்வரை தற்காலிக லைசென்ஸ் உண்டா? அலுவலகத்துக்குக் காப்பீடு இருந்தால் டாங்கிளைத் தனி வரியாகச் சேர்த்து, லைசென்ஸை மீண்டும் வாங்க ஆகும் முழு விலையை மதிப்பாகப் போடச் சொல்லுங்கள். வெறும் "கணினி உதிரி" என்று எழுதினால் இழப்பீடு ஒரு பென் டிரைவ் விலைக்குத்தான் வரும். ஐலாக் வைத்திருப்பவர்களுக்கு ஜீரோ டவுன்டைம் என்ற ஆண்டுச் சந்தா இருக்கிறது. உடைந்தாலும் தொலைந்தாலும் மாற்று வரும்வரை தற்காலிக லைசென்ஸ் கிடைக்கும். தொலைந்த பிறகு ஓடிப்போய் எடுப்பதில் பயனில்லை. முன்பே நடப்பில் இருக்க வேண்டும்.

எங்கே செருகுவது

டாங்கிள் உடைவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். லேப்டாப்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மடியிலிருந்து மேசைக்கு வைக்கும்போதோ பையில் நுழைக்கும்போதோ ஒரு இடி. யூஎஸ்பி முனையின் உலோகக் கூடு போர்டோடு சேரும் சால்டர் விரிசல் விடும். முதலில் அசைத்தால் விளக்கு அணைந்து எரியும். பிறகு நான்கு பின்களில் ஏதாவது ஒன்று பேடோடு பெயர்ந்து வரும், அதோடு முடிந்தது.

அதனால் மேசைக் கணினி என்றால் பின்புற போர்ட், அதிலும் கால் படாத இடம். முன்பக்கப் போர்ட்டில் முழங்காலும் நாற்காலியும் இடிக்கும். கை வழியாக ஸ்டாட்டிக் அதிர்ச்சியும் எளிதில் பாயும். அடிக்கடி கழற்ற வேண்டாத டாங்கிளை, மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி ஹெட்டரில் ஒரு சிறு அடாப்டர் மாட்டி கேபினெட்டுக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். திருட்டுக்கும் இதைவிட மலிவான தடுப்பு இல்லை. லேப்டாப்பில் 15 முதல் 30 செ.மீ. நீட்டிப்புக் கேபிள் போட்டால் இடி கேபிளோடு போகும். யூஎஸ்பி 2.0 கேபிளின் மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. டாங்கிளுக்கு ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. பல டாங்கிள்களை ஒரே ஹப்பில் போடுவதானால் தனி பவர் அடாப்டர் உள்ள ஹப்.

கூரியரில் அனுப்ப நேர்ந்தால் ஆன்டிஸ்டாட்டிக் உறை, அதன்மேல் குமிழ் உறை, அதற்குமேல் கெட்டியான சிறு பெட்டி. வெறும் காகித உறையில் போட்டால் வழியில் மடங்கும் அல்லது கிழித்துக்கொண்டு விழும். விழுந்தால் அது "தொலைந்தது" கணக்கில் சேரும்.

கணினி கண்டுகொள்ளவில்லை என்றால்

செத்துவிட்டது என்று சொல்லப்படும் டாங்கிள்களில் கணிசமானவை சாகவே இல்லை. விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றை முடித்த மறுநாள் "கீ நாட் ஃபவுண்ட்" வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை.

முதலில் வேறொரு போர்ட்டில், அடுத்து வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இரண்டாவது கணினியின் டிவைஸ் மேனேஜரில் அந்த விஐடி எண் வந்துவிட்டால் டாங்கிள் உயிரோடு இருக்கிறது, கோளாறு முதல் கணினியில். ஹாஸ்ப் ஹெச்எல் வகையில் விளக்கு நிலையாக எரிந்தால் மின்சாரமும் டிரைவரும் சரி என்று அர்த்தம். எரியவில்லை என்றால் டிரைவர் இல்லாததாலும் இருக்கலாம், உடனே முடிவுக்கு வராதீர்கள். எந்தக் கணினியிலும் எந்தச் சாதனமும் தோன்றவில்லை, செருகும் சத்தம்கூட வரவில்லை என்றால்தான் ஹார்ட்வேர் பழுது. பழைய டாங்கிள்கள் சில யூஎஸ்பி 3 போர்ட்டில் முரண்டு பிடிக்கும். நடுவில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் வைத்தால் பேசத் தொடங்கும். பார்க்க அசட்டுத்தனமாகத் தோன்றும் தீர்வு, ஆனால் வேலை செய்கிறது.

டாங்கிள் உயிரோடு இருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. டாங்கிளைக் கழற்றுங்கள். பழைய டிரைவரை கண்ட்ரோல் பேனல் வழியாக அன்இன்ஸ்டால் செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
2. தயாரிப்பாளரின் தற்போதைய ரன்டைமை அட்மினிஸ்ட்ரேட்டராக இன்ஸ்டால் செய்யுங்கள். டாங்கிள் இன்னும் வெளியேதான். செருகியபடி இன்ஸ்டால் செய்தால் விண்டோஸ் தவறான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும்.
3. இப்போது செருகுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள்.
4. சர்வீசஸ் பட்டியலில் லைசென்ஸ் மேனேஜர் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஆன்டிவைரஸின் குவாரண்டைனைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பு ரன்டைம்களை வைரஸ் என்று தவறாகப் பிடிப்பது அரிதல்ல.

இதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பக்கத்தைப் பாருங்கள். அங்கே மெமரி இன்டக்ரிட்டி ஆன் செய்திருந்தால் பழைய டிரைவர்களை ஏற்ற விடாது, ஒத்துப்போகாத டிரைவர்களின் பெயரையும் காட்டும். பலர் அதை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது தவறு, புதிய ரன்டைம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அறவே கிடைக்காவிட்டால், இணையத்தில் இல்லாத கணினியில் மட்டும் அணைக்கலாம்.

அரை மணிக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொண்டால் அது வேறு நோய்: மின்சிக்கனத்துக்காக விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்க வைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலிலும் முதல் டிக்கை எடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்தால் மட்டும் பிழை வருகிறதா? அது பழுதல்ல. டெர்மினல் செஷன் என்று கண்டுபிடித்து மறுக்கும்படியே பல சாஃப்ட்வேர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே டாங்கிளைப் பலர் தூரத்திலிருந்து பயன்படுத்தக் கூடாது என்பதற்காக. அதற்கு அனுமதி தரும் லைசென்ஸைக் கேட்டு வாங்குவதே நேர்வழி.

தேதியோடு விளையாடாதீர்கள்

காலக்கெடு உள்ள லைசென்ஸ்களில் கடிகாரம்தான் பலவீனமான இடம். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கணினி பல ஆண்டு பழைய தேதியில் எழுந்தால், பாதுகாப்பு அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டு லைசென்ஸைப் பூட்டும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான்: யாரோ தேதியைத் தவறுதலாக ஓராண்டு முன்னே தள்ளி சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டால், திரும்பச் சரி செய்யும்போது கடிகாரம் பின்னோக்கிப் போனதாகப் பதிவாகும். திறக்க விற்றவர் அனுப்பும் ஃபைல் வேண்டும். பேட்டரியின் விலையைப் பார்த்தால், கணினி தேதியை மறக்கத் தொடங்கிய அன்றே மாற்றிவிடுவது லாபம். ஹாஸ்ப் ஹெச்எல் டைம் போன்றவற்றில் டாங்கிளுக்குள்ளேயே கடிகாரமும் பேட்டரியும் உண்டு. அதை நாமே பிரித்து மாற்ற முயல வேண்டாம், நிறுவனத்திடம் மாற்றித்தரக் கேளுங்கள்.

டாங்கிளில் புதிய லைசென்ஸ் எழுதும்போது

சென்டினலில் நீங்கள் அனுப்புவது டாங்கிளின் இப்போதைய நிலையைச் சொல்லும் சி2வி ஃபைல், அவர்கள் திருப்பித் தருவது புதிய லைசென்ஸ் அடங்கிய வி2சி. கோட்மீட்டரில் ரிக்வெஸ்ட், அப்டேட் என்று இரண்டு ஃபைல்கள். இங்கே தவறு நடப்பது வரிசையில். டாங்கிளுக்குள் ஒரு அப்டேட் எண்ணி (கவுண்டர்) இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது ஒன்று கூடும். நேற்று எடுத்த சி2வியை அனுப்பிவிட்டு, நடுவில் வேறொரு வி2சியைப் பதித்துவிட்டால், அவர்கள் அனுப்பும் ஃபைல் பொருந்தாது. பழைய வி2சியைப் பத்திரமாக வைத்திருந்து மீண்டும் பதிக்கலாம் என்பதும் நடக்காது. ஆகவே ஒரு வேளையில் ஒரே டாங்கிள் மட்டும் செருகியிருக்க, புதிதாக சி2வி எடுத்து அனுப்பி, பதில் வந்து பதியும்வரை அந்த டாங்கிளில் வேறெதுவும் செய்யாதீர்கள். எழுதும் சில நொடிகளில் கழற்றக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டிருங்கள்.

டாங்கிள் இல்லாத லைசென்ஸ் பாதுகாப்பானதா

டாங்கிளே வேண்டாம் என்று சாஃப்ட்வேர் கீக்கு மாறுவோர் அபாயத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறார்கள். அந்த லைசென்ஸ் ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு ஆகியவற்றின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் போய்விடும். விஎம்மை (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) குளோன் எடுத்தால் "குளோன் டிடெக்டட்" என்று பூட்டிக்கொள்ளலாம். சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் சொல்லாமல் மதர்போர்டை மாற்றித் தந்தாலும் அதே கதை.

கணினியை மாற்றும் முன் லைசென்ஸை எடுத்துப்போக வேண்டும். சென்டினலில் ரீஹோஸ்ட் (வேறு கணினிக்கு மாற்றும்) அனுமதி உள்ள லைசென்ஸ் என்றால்: புதிய கணினியில் ஆர்யூஎஸ் என்ற லைசென்ஸ் அப்டேட் கருவியைத் திறந்து அதன் அடையாள ஃபைலை எடுங்கள், அதைப் பழைய கணினியில் கொடுத்தால் ஹெச்2ஹெச் ஃபைல் உருவாகும், அதைப் புதியதில் பதியுங்கள். ஹெச்2ஹெச் உருவான நொடியே பழைய கணினியில் லைசென்ஸ் இல்லாமல் போகும். அப்போது உங்கள் லைசென்ஸ் என்பது அந்த ஃபைல்தான். உடனே இரண்டு இடங்களில் சேமியுங்கள்; புதிய கணினியில் சாஃப்ட்வேர் திறந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதை ஃபார்மேட் செய்யவோ விற்கவோ வேண்டாம்.

நெட்வொர்க் லைசென்ஸை லேப்டாப்பில் தற்காலிகமாகக் கழற்றி எடுத்துப்போகும் வசதி இருந்தால், தேவையான நாட்களை மட்டும் கொடுங்கள். லேப்டாப் திருடுபோனாலும் கெடு முடிந்ததும் அது சர்வருக்குத் தானாகத் திரும்பும்; 90 நாள் கொடுத்திருந்தால் 90 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

பொதுவில் ஒரு டாங்கிள்

பலர் பகிரும் நெட்வொர்க் டாங்கிள் என்றால் அதை ஊழியர் மேசையிலிருந்து எடுத்து சர்வர் அறையில் பூட்டுங்கள். சென்டினலுக்கு 1947, கோட்மீட்டருக்கு 22350 போர்ட்டை ஃபயர்வாலில் திறக்க வேண்டும், உள் நெட்வொர்க்குக்கு மட்டும். சர்வர் வேறு சப்நெட்டிலோ விபிஎன்னுக்கு அப்பாலோ இருந்தால் தானாகத் தேடும் முறை எட்டாது. கிளையன்ட் கணினியின் அட்மின் கண்ட்ரோல் சென்டரில் ரிமோட் லைசென்ஸ் மேனேஜர் பகுதியில் சர்வரின் ஐபியைக் கையால் எழுதுங்கள். டாங்கிளை விஎம்முக்குள் கொடுக்க விஎம்வேரில் பாஸ்த்ரூ வசதி இருக்கிறது. ஹைப்பர்-வியில் டாங்கிளை விஎம்முக்கு நிலையாகக் கொடுக்கும் வசதி இல்லை. அங்கே எஸ்இஹெச் டாங்கிள்சர்வர், டிஜி எனிவேர்யூஎஸ்பி போன்ற நெட்வொர்க் யூஎஸ்பி பெட்டிகள் கைகொடுக்கும். டாங்கிளும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ஒற்றைப் பயனர் டாங்கிளை இப்படிப் பகிர உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் படித்துவிடுங்கள்.

உடைந்தால், காணாமல் போனால்

உடைந்ததை ஒட்டவோ பிரிக்கவோ வேண்டாம். மூடியைத் திறந்த தடயம் இருந்தால் மாற்றித்தர மறுக்கலாம். பெயர்ந்த துண்டு எதுவானாலும் ஒரு கவரில் போட்டு, போட்டோ எடுத்து, கீ ஐடி, இன்வாய்ஸ், பழைய ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு எழுதுங்கள். திருப்பி அனுப்பும்போது கண்காணிப்பு எண் உள்ள சேவையில், கையொப்பம் பெறும் ஏற்பாட்டோடு. வழியில் தொலைந்தால் மீண்டும் முதல் படிக்கே வருவீர்கள்.

திருடுபோனால் அன்றே காவல்துறையில் புகார் கொடுத்து அதில் டாங்கிளின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். "லேப்டாப்பும் பொருட்களும்" என்று பொதுவாக இருந்தால் காப்பீட்டுக்கும் உதவாது, விற்றவரிடம் சலுகை கேட்கவும் உதவாது. எண்ணோடு புகார் இருந்தால், விதியில் இல்லாவிட்டாலும் சிலர் தள்ளுபடி விலையில் மாற்றுத் தருவதுண்டு. அவர்கள் அந்த எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் அதற்கு இனி அப்டேட் கிடைக்காது.

இந்தக் கட்டத்தில்தான் எமுலேட்டர் (டாங்கிள் போல நடிக்கும் சாஃப்ட்வேர்) விற்பவர்கள் வந்து சேருவார்கள். பல நாடுகளில் அது சட்டமீறல். அதைவிட நடைமுறைச் சிக்கல், விண்டோஸின் மையமான கெர்னல் மட்டத்தில் ஓடும் முகம் தெரியாத டிரைவரை உங்கள் வேலைக் கணினியில் ஏற்றுகிறீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2003, 2006, 2010 ஆண்டுகளில் தரப்பட்ட விலக்குகள், பழுதாகி, மாற்றோ ரிப்பேரோ கிடைக்காத வழக்கொழிந்த டாங்கிள்களுக்கு மட்டும் இடம் கொடுத்தன. தொலைந்த டாங்கிளுக்கு அங்கும் இடமில்லை.

டாங்கிள் முறையே மூடப்பட்டால்

இசை சாஃப்ட்வேர் நிறுவனமான ஸ்டெய்ன்பெர்க் 2025 மே மாதத்தோடு ஈலைசென்சர் என்ற தன் டாங்கிள் லைசென்ஸ் சேவையை நிறுத்தியது. கையில் இருக்கும் யூஎஸ்பி ஈலைசென்சரில் ஏற்கெனவே உள்ள லைசென்ஸ் ஓடும். அந்தக் குச்சி உடைந்தால் மீட்டுத்தர ஆள் இல்லை. உங்கள் சாஃப்ட்வேர் டாங்கிளிலிருந்து ஆன்லைன் கணக்குக்கு மாறுகிறது என்ற அறிவிப்பு வந்தால் கடைசித் தேதியைக் குறித்து, அதற்குப் பல வாரம் முன்பே மாறிவிடுங்கள். கடைசி நாளில் டாங்கிள் வேறு ஊரில் இருக்கும்.

ஆதரவு போன சாஃப்ட்வேரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அது ஓடும் கணினியை அப்படியே நிறுத்தி வையுங்கள்: முழு டிஸ்க் இமேஜ், ரன்டைம் இன்ஸ்டாலர், அதே ரக மதர்போர்டு ஒன்று உதிரியாக. இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். பேரலல் போர்ட் டாங்கிள் என்றால் யூஎஸ்பி மாற்றிக் கேபிள் வாங்கி ஏமாற வேண்டாம். அவை பிரிண்டருக்கு மட்டுமே பேசும். பிசிஐ பேரலல் கார்டு போட்டு, அதன் முகவரியை டிரைவர் ஏற்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்த வேலைகளைப் பொது வடிவங்களில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: வரைபடங்களை டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப், முப்பரிமாண மாதிரிகளை ஸ்டெப், ஒலிப்பதிவுகளை ட்ராக் வாரியாக வேவ், கணக்குகளை சிஎஸ்வி. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை டாங்கிள் செருகாத வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் அதை பேக்கப் என்று கணக்கில் சேர்க்க வேண்டும்.